யார் சொன்னது?

ரௌட்டருக்கு மின்சாரம் கிடைத்த முதல் நொடியில் அதற்கு எதுவுமே தெரியாது. எந்த ஊரில் இருக்கிறோம், யாரோடு பேச வேண்டும், யாரை உள்ளே விடலாம் என்ற விவரம் எதுவும் அதனிடம் கிடையாது. ஒரு சின்ன நிரல் மட்டும், அதற்கென்று ஒதுக்கிய இடத்திலிருந்து ஓடத் தொடங்கும். நினைவகம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கும். ஃப்ளாஷில் இருக்கும் பெரிய மென்பொருளைத் தேடி எடுத்து, விரித்து, பொறுப்பை அதனிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். விடியுமுன் சாவிக்கொத்தோடு வந்து கோயில் கதவைத் திறந்துவிட்டு, குருக்கள் வந்ததும் ஓரமாகப் போய்விடுகிறவரைப் போன்றது அது. சிஸ்கோ பெட்டிகளில் அதன் பெயர் ராம்மான். மற்ற நிறுவனங்கள் பூட்ராம் என்றோ பூட்லோடர் என்றோ சொல்லும்.

நீல நிற கன்சோல் கேபிளை மாட்டி, 9600 வேகத்தில் வைத்துப் பார்த்தால் இந்த நிரல் பேசுவதைப் படிக்கலாம். 'சிஸ்டம் பூட்ஸ்ட்ராப், வெர்ஷன்' என்று தொடங்கும் ஒரு வரி வரும். அதன் கீழே பதிப்புரிமை வரி, அப்புறம் நினைவகத்தின் அளவு. பிறகு # குறிகள் வரிசை வரிசையாக ஓடும்; பெரிய மென்பொருள் விரிகிறது என்று அர்த்தம். ஃப்ளாஷில் ஒன்றும் அகப்படவில்லை என்றால் குறிகள் ஓடாது. 'ராம்மான் 1 >' என்ற வரியோடு நின்றுவிடும். அங்கிருந்து வேறு வழியில்லாமல் அதே கன்சோல் வழியாக 32 எம்பி கோப்பை ஏற்ற வேண்டி வந்தால் பத்து மணி நேரம் பிடிக்கும். ராம்மானே எழவில்லை என்றால் திரை கறுப்பாகவே இருக்கும். பெட்டி பிரிக் ஆகிவிட்டது என்போம்.

அந்த ராம்மானை மாற்றுவது என் வேலையில் ஒரு பகுதி. சென்னையில் ஒரு நெட்வொர்க் கண்காணிப்பு மையத்தில் குழுவை நடத்துகிறேன். எங்கள் பொறுப்பில் இருப்பவை ஒரு வங்கியின் கிளை ரௌட்டர்கள். வால்பாறையிலிருந்து வேதாரண்யம் வரை சிதறிக் கிடப்பவை. ராம்மானை ஏன் மாற்ற வேண்டும்? புதிய கார்டு போட்டால் பழைய ராம்மானுக்கு அது தெரியாது. சில பிழைகளைத் திருத்த வேறு வழி இருக்காது. பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தால் காத்திருக்க முடியாது. முன்பெல்லாம் இதற்காகக் கிளைக்கு ஆள் போவார். இப்போது மேலாண்மை மென்பொருள் இருக்கிறது. எந்தக் கிளையில் எந்த மாடல், அதில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று அதுவே பட்டியல் வைத்திருக்கும். தயாரித்த நிறுவனத்திடமிருந்து புதிய கோப்பை இறக்கி அதன் களஞ்சியத்தில் போடுவோம். கிளைகளைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து நள்ளிரவுக்கு மேல் நேரம் குறிப்போம். மென்பொருள் முதலில் கான்ஃபிக் பேக்கப் எடுக்கும். ஃப்ளாஷில் இடம் இருக்கிறதா என்று பார்க்கும். கோப்பை அனுப்பி, சேதமில்லாமல் போய்ச் சேர்ந்ததா என்று ஹாஷ் கணக்கிட்டு ஒப்பிடும். ராம்மானை எழுதச் சொல்லும். ரீலோட் கொடுக்கும்.

அதன் பிறகு சில நிமிடங்கள் அந்தக் கிளை எங்களுக்கு இல்லை. பிங் போகாது. மேலாண்மை மென்பொருள் பேசுவதெல்லாம் விழித்தபின் இருக்கும் பெட்டியோடுதான். விழிக்கும் நேரத்தில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. பெட்டி எழுந்து வந்ததும் 'உன் பதிப்பு என்ன' என்று கேட்கும். புதிய எண்ணைச் சொன்னால் பட்டியலில் பச்சை விழும்.

எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த, தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, முதல் தொகுதி பச்சையானதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அக்கா, வெர்ஷன் மாறிடுச்சுன்னு அந்த பாக்ஸ்தான சொல்லுது? அது பொய் சொன்னா?"

"ஹாஷ் பாத்தோம்ல?"

"ஹாஷ் சரின்னு டூல் சொல்லுது. டூல் சரின்னு யாருக்கா சொல்றா?"

நல்ல கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்லக் கூடாது என்பது என் கொள்கை. பிறகு பேசலாம் என்றேன். அவள் கேட்டது நெட்வொர்க் கேள்வி என்று எனக்குத் தோன்றவே இல்லை. கும்பகோணத்தில் எங்கள் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் வைத்து, பள்ளிக்கூடம் படிக்கும் வயதில், நான் கேட்டு வளர்ந்த கேள்வி அது.

பெரியப்பா கூட்டுறவு சொசைட்டியில் எழுத்தராக இருந்தார். மாலையில் திண்ணையில் சிவஞான சித்தியார் பாடம் சொல்வார். அருணந்தி சிவாசாரியார் அந்த நூலைக் கடவுளில் தொடங்கவில்லை, அளவையில் தொடங்குகிறார். ஒன்றை நாம் அறிந்தோம் என்று சொல்ல என்ன வழி, எத்தனை வழி என்ற கணக்கை முதலில் தீர்த்துக்கொண்டுதான் மேலே போகிறார். பத்து அளவைகளைச் சொல்வாரும் உண்டு; எல்லாம் காட்சி, கருதல், உரை என்ற மூன்றில் அடங்கிவிடும் என்பது அவர் முடிவு. பெரியப்பா இதை எங்கள் மேல் நாள் முழுக்கப் பிரயோகிப்பார். "பால்காரர் இன்னும் வரலை" என்று நான் சொன்னால் போதும். "இது எந்த அளவைம்மா? வாசல்ல போய்ப் பாத்தியா, சைக்கிள் மணி கேக்கலைன்னு நீயா நெனச்சியா, இல்ல உங்க பெரியம்மா சொன்னாளா?" போய்ப் பார்த்திருந்தால் காட்சி. மணி கேட்காததால் ஊகித்திருந்தால் கருதல். பெரியம்மா சொல்லியிருந்தால் உரை. உரை என்றால் அடுத்த கேள்வி உடனே வரும்: "அவ எப்பப் பாத்தா?"

அந்தக் கணக்கை என் இரவு வேலைக்குப் போட்டுப் பார்த்தால் திகைப்பாக இருக்கிறது. அதில் காட்சி என்பதே இல்லை. வால்பாறைப் பெட்டியை நான் கண்ணால் பார்த்ததில்லை. பிங் போகிறது, ஆகவே உயிரோடு இருக்கிறது என்பது கருதல். புதிய பதிப்பு ஏறிவிட்டது என்பது முழுக்க முழுக்க உரை. அதுவும் யாரைச் சோதிக்கிறோமோ அவரே தனக்குச் சொல்லிக்கொள்ளும் சாட்சி.

அந்தப் பெண்ணின் சந்தேகம் வெறும் சாமர்த்தியம் அல்ல. 2015 ஆகஸ்டில் சிஸ்கோ தன் வாடிக்கையாளர்களை எச்சரித்தது: சிலர் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கைப்பற்றி, ரௌட்டர்களின் ராம்மானையே தங்கள் சொந்த நிரலாக மாற்றிவிடுகிறார்கள். இதற்கு எந்த ஓட்டையும் தேவைப்படவில்லை. நாங்கள் பயன்படுத்தும் அதே புதுப்பிக்கும் வசதியைத்தான் பயன்படுத்தினார்கள். அடுத்த மாதமே மாண்டியன்ட் நிறுவனம், இயங்குதள மென்பொருளுக்குள் இரகசிய வாசல் வைத்த 14 ரௌட்டர்களைக் கண்டுபிடித்ததாக அறிவித்தது. உக்ரைன், பிலிப்பைன்ஸ், மெக்சிகோ, இந்தியா என்று நான்கு நாடுகளில் அவை இருந்தன. அந்தச் செய்தியில் இருந்த மாடல் எண்களில் ஒன்று எங்கள் அலமாரியில் இருந்த பெட்டிகளின் எண். பெட்டி தன்னைப் பற்றிச் சொல்வதைப் பெட்டியிடமே கேட்டு உறுதிசெய்வது எவ்வளவு வெறுமையானது என்று அன்று தெரிந்தது.

இந்தப் பிரச்சினையின் அடிவரைக்கும் போனவர் கென் தாம்சன். யுனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவர். டூரிங் விருது பெற்றபோது அவர் ஆற்றிய உரை 1984இல் அச்சானது. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலருக்குள் ஒரு வஞ்சகத்தை ஒளித்துவைக்கலாம் என்று அதில் காட்டினார். அந்தக் கம்பைலர் லாகின் நிரலை மாற்றும்போது கள்ளச்சாவி ஒன்றைச் சேர்த்துவிடும். தன்னைத்தானே மறுபடி உருவாக்கும்போது அந்த வஞ்சகத்தையும் சேர்த்தே உருவாக்கும். மூல நிரலை எத்தனை முறை படித்தாலும் ஒரு எழுத்துகூடச் சந்தேகத்துக்கு இடம் தராது. நாமே முழுவதும் எழுதாத நிரலை நம்ப வழியில்லை என்று முடித்தார். நாமே எழுதினாலும் அதை மாற்ற ஒரு கம்பைலர் வேண்டும். அதை ஓட்ட ஒரு சிப் வேண்டும். சிப்பை வரைய வேறொரு நிரல் வேண்டும்.

நம் தருக்க நூலோர் இதற்கு அநவஸ்தை என்று பேர் வைத்தார்கள். ஒன்றைத் தாங்க இன்னொன்று, அதைத் தாங்க இன்னொன்று என்று நிற்க இடமில்லாமல் ஓடும் குற்றம். ஏழாம் நூற்றாண்டில் மீமாம்சகரான குமாரிலபட்டர் இதை வைத்தே நியாய நூலாரை மடக்கினார். ஓர் அறிவு சரி என்று சொல்ல இன்னோர் அறிவு வேண்டும் என்றால், அந்த இன்னோர் அறிவு சரி என்று யார் சொல்வது? ஆகவே அறிவு தோன்றும்போதே ஏற்கத்தக்கதாகத்தான் தோன்றுகிறது. அதைத் தள்ளத்தான் காரணம் வேண்டும். நம்ப அல்ல, சந்தேகிக்கவே காரணம் தேவை என்பது மீமாம்சையின் நிலை. சந்தேகம் எழுந்தால் சோதிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சோதனை மூன்று நான்கு அறிவுகளுக்கு மேல் போக வேண்டியதில்லை என்றும் குமாரிலர் சொல்கிறார்.

மூன்று நான்கு என்ற அந்த எண்ணைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் செய்முறையில் ஹாஷை எங்கெங்கே பார்க்கிறோம்? கோப்பை இறக்கும் பக்கத்தில் போட்டிருப்பது, எங்கள் சர்வரில் கணக்கிட்டது, பெட்டியின் ஃப்ளாஷில் சேர்ந்தபின் கணக்கிட்டது. தொகுதியின் முதல் பெட்டிக்கு மட்டும் இரண்டு பேர் உட்கார்ந்து, ஒருவர் வாசிக்க இன்னொருவர் திரையைப் பார்த்து 'ஏழு, பி, நாலு, நாலு' என்று ஒப்பிடுவோம். எம்டி5 என்றால் 32 எழுத்து. எஸ்ஹெச்ஏ-512 என்றால் 128 எழுத்து. நடுவில் ஒருமுறை மூச்சு விட்டுக்கொள்ள வேண்டும். மூன்று நான்கோடு நின்றுவிடுகிறோம். ஐந்தாவது சோதனை இல்லாததால் யாரும் எங்களைக் கவனக்குறைவானவர்கள் என்று சொன்னதில்லை.

ஆனால் மீமாம்சகர்கள் இதோடு நிற்கவில்லை. வேதத்தை ஏன் நம்பலாம் என்ற கேள்விக்கு அவர்கள் சொன்ன பதில்தான் எனக்கு எப்போதும் பெரிய வியப்பு. சொல்லில் குற்றம் வருவது சொன்னவரிடமிருந்து. அவருக்கு மறதி இருக்கலாம், ஆசை இருக்கலாம், ஏமாற்றும் எண்ணம் இருக்கலாம். வேதத்தைச் சொன்னவர் என்று யாருமே இல்லை, அது அபௌருஷேயம். சொன்னவர் இல்லை என்றால் குற்றம் வர வாசலும் இல்லை. நியாய நூலார் இதை ஏற்கவில்லை. சொல்லின் குற்றம் சொன்னவரிடமிருந்து வருகிறது என்றால் சொல்லின் நலமும் அவரிடமிருந்துதானே வர வேண்டும்? சொன்னவரே இல்லாத சொல்லுக்கு நலம் எங்கிருந்து வரும்? ஆகவே வேதத்தை நம்புவது, அதைச் சொன்னவன் நம்பத் தகுந்தவன் என்பதால். அவர்கள் அவனை ஆப்தன் என்றார்கள். சைவ சித்தாந்தமும் இந்தப் பக்கம்தான். வேதமும் ஆகமமும் சிவன் சொன்னவை. இதெல்லாம் ஏதோ வடக்கே நடந்த வாதம் என்று தள்ளிவிட முடியாது. மணிமேகலை வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயவாதியாகச் சந்தித்துக் கேட்கும்போது முதலில் பேசுகிறவனே அளவைவாதிதான்.

என் பெட்டிகளுக்குள் இந்த இரண்டு கட்சியும் பக்கத்தில் பக்கத்தில் குடியிருக்கின்றன. நாங்கள் வைத்திருந்த ரௌட்டர்களில் ராம்மானுக்கு இரண்டு இடம் உண்டு. ஒன்று தொழிற்சாலையில் எழுதி மூடியது; படிக்க மட்டும் முடியும். இன்னொன்று நாங்கள் புதுப்பிப்பது. புதியது கெட்டிருந்தால் பெட்டி பழையதைக் கொண்டு எழுந்துகொள்ளும். யார் கையும் எட்டாத இடம் என்பதால் அதை நம்புகிறோம், இது மீமாம்சை. பின்னால் வந்த பெட்டிகளில் டிஜிட்டல் கையொப்பம் வந்தது. கோப்பு மாறலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம். தயாரித்தவரின் கையொப்பம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பெட்டி அதை ஓடவிடும். சொன்னவர் யார் என்பதைக் கொண்டு நம்புகிறோம், இது நியாயம்.

நான் பல வருடம் முதல் கட்சிப் பக்கம்தான் சாய்ந்திருந்தேன். நள்ளிரவில் கிளை எழாமல் இருக்கும்போது, கீழே ஒன்று மாறாமல் இருக்கிறது என்ற எண்ணம் தரும் தெம்பு சாதாரணமானதல்ல. இன்றைக்கும் அந்தப் படிக்க மட்டுமான இடம் இல்லாத பெட்டியை வாங்கச் சொல்ல மாட்டேன். ஆனால் அதை நம்பத் தகுந்தது என்று நினைத்த காரணம் தவறு என்று இப்போது எண்ணுகிறேன். அதையும் ஒருவர் எழுதினார். தொழிற்சாலையில், ஏதோ ஒரு நாள், ஒரு பொறியாளர் எழுதிய நிரலை ஒரு இயந்திரம் அதில் பதித்தது. எழுதியவரின் கை நம் கண்ணுக்கு மறைந்துவிட்டது, அவ்வளவுதான். மாற்ற முடியாதது என்றால் அதிலிருக்கும் பிழையையும் மாற்ற முடியாது.

2019 மே மாதத்தில் இது வெட்டவெளிச்சமாயிற்று. சிஸ்கோ 2013 முதல் தன் பெட்டிகளில் டிரஸ்ட் ஆங்கர் என்றொரு பகுதியை வைத்துவந்தது. மற்ற எல்லாவற்றையும் சரிபார்ப்பது அது. அதைச் சரிபார்க்க எதுவும் இல்லை, ஏனென்றால் அதுதான் அடித்தளம். ரெட் பலூன் செக்யூரிட்டி என்ற நியூயார்க் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், அந்த அடித்தளமே மாற்றி எழுதத்தக்க ஒரு சிப்பில் இருப்பதையும், சிப்புக்கான வடிவம் பாதுகாப்பில்லாத ஃப்ளாஷில் கிடப்பதையும் காட்டினார்கள். பெட்டியின் முழு அதிகாரம் கிடைத்தவர் அடித்தளத்தையே செயலிழக்கச் செய்யலாம். கோபப் பூனை முகத்தின் சின்னம் மூன்றை வரிசையாகப் போட்டு அந்த ஓட்டைக்குப் பெயர் வைத்தார்கள். வாயால் சொல்வதற்கு 'திராங்ரிகேட்'. திருத்தம் வந்தபோது அதோடு ஓர் எச்சரிக்கையும் வந்தது: பெரும்பாலும் நேரில் போய்த்தான் அந்தச் சிப்பை மறுபடி எழுத வேண்டும், நடுவில் தவறினால் பெட்டி பயனற்றுப் போகலாம், புதிய வன்பொருளே போட வேண்டியிருக்கலாம். மாறாதது என்று சொல்லி வைத்ததை மாற்றப் போகும்போதுதான் பெட்டிக்கு அதிக ஆபத்து.

கையொப்பக் கட்சிக்கும் அடி விழுந்தது. 2020 டிசம்பரில் சோலார்விண்ட்ஸ் ஓரியன் விவகாரம் வெளியானது. ஓரியன் ஒரு நெட்வொர்க் மேலாண்மை மென்பொருள், நான் இரவில் திறந்து வைத்துக்கொண்டு உட்காரும் வகை. நிறுவனத்துக்குள் புகுந்தவர்கள் மென்பொருள் உருவாகும் இடத்திலேயே தங்கள் நிரலைச் சேர்த்துவிட்டார்கள். நிறுவனம் அதில் முறைப்படி கையொப்பமிட்டது. வாடிக்கையாளர்கள் 18,000 பேர் வரை அந்தப் புதுப்பிப்பை இறக்கியிருக்கலாம் என்று நிறுவனமே சொன்னது. ஹாஷ் சரி. கையொப்பம் சரி. ஆப்தன் என்று நம்பியவரின் கையால்தான் விஷம் வந்தது, அவருக்கே தெரியாமல்.

இந்த இடத்தில்தான் எனக்கு வாத்ஸ்யாயனர் உதவினார். நியாய சூத்திரத்துக்கு உரை எழுதியவர். ஆப்தன் யார் என்று சொல்லும்போது மூன்று இலக்கணம் தருகிறார். சொல்லும் பொருளை நேரில் கண்டறிந்திருக்க வேண்டும். உயிர்களிடம் இரக்கம் இருக்க வேண்டும். உள்ளதை உள்ளபடி சொல்ல விருப்பம் இருக்க வேண்டும். ஆப்தனின் இலக்கணம் ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் பொது என்றும் அதே உரையில் வேறோர் இடத்தில் சொல்கிறார். அந்தக் காலத்தில் அப்படி ஒரு வாக்கியத்தை எழுத எவ்வளவு நேர்மை வேண்டும் என்று நினைத்துப் பார்க்கிறேன். முதலாவதும் மூன்றாவதும் எவரும் சொல்லக்கூடியவை. நடுவில் இரக்கத்தை வைத்தாரே, அதுதான் அவருடைய ஆழம். அறிந்தவர், ஏமாற்ற எண்ணாதவர், ஆனால் கேட்பவருக்கு என்ன ஆனாலும் கவலைப்படாதவர்: அவர் சொல் முழுச் சான்றாகாது.

தயாரிப்பாளர்கள் புதிய பதிப்போடு ஒரு வெளியீட்டுக் குறிப்பு தருவார்கள். பெரும்பாலானவர்கள் அதைத் திறப்பதில்லை. நான் முதலில் திறப்பது அதன் கடைசிப் பகுதியை; திருத்திய பிழைகள், இன்னும் திருத்தாத பிழைகள் என்று இரண்டு பட்டியல் அங்கே இருக்கும். 'இந்தக் கார்டு போட்ட பெட்டியில் இந்தப் பதிப்பைப் போட்டால் முதல் ரீலோடில் எழாமல் போகலாம், மின்சாரத்தை அணைத்துப் போடவும்' என்ற மாதிரி ஒரு வரி அகப்பட்டால் எனக்கு அந்த ஆவணத்தின் மேல் மதிப்பு கூடுகிறது. ஒருவர் இதைச் செய்து பார்த்திருக்கிறார். தங்களுக்குச் சங்கடமான ஒன்றை மறைக்காமல் எழுதியிருக்கிறார். எங்கோ ஒரு ஊரில் நள்ளிரவில் ஒருத்தி தவிக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார். பிழைப் பட்டியலே இல்லாத, எல்லாம் மேம்பட்டுவிட்டது என்று மட்டும் சொல்லும் குறிப்பு வந்தால், கையொப்பம் எவ்வளவு சரியாக இருந்தாலும் அந்தக் கோப்பை ஒரு மாதம் ஆறப்போடுவேன்.

வாத்ஸ்யாயனரின் இலக்கணத்தை நான் வீட்டில் முதலில் பார்த்தது அதன் பெயர் தெரியாத வயதில். அப்பா காலமான பத்தாம் நாள். காரியம் நடத்த வந்த பெரியவர், அம்மாவின் பொட்டையும் வளையலையும் எடுக்கும் நேரம் வந்துவிட்டது என்றார். அம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். பெரியப்பா எழுந்து, "யார் சொன்னது?" என்று கேட்டார். சத்தமே இல்லை, பாடம் கேட்கும் அதே குரல்.

"காலங்காலமா உள்ளதுங்க. இதெல்லாம் மாத்த முடியாது."

"மாத்த முடியுமான்னு நான் கேக்கலையே. யார் சொன்னதுன்னு கேட்டேன். சொன்னவன் எதைக் கண்டு சொன்னான்? இவ மேல இரக்கப்பட்டுத்தான் சொன்னானா?"

பெரியவருக்கு அதற்குப் பதில் இல்லை. பெரியப்பா அம்மாவிடம் திரும்பி, "உனக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்யம்மா" என்றார். அம்மா பொட்டை எடுக்கவில்லை. கடைசி வரைக்கும் வைத்திருந்தாள்.

பெரியப்பா சாஸ்திரத்தை மறுத்தவர் அல்ல. காலையில் பூசை முடிக்காமல் ஒரு வாய் காப்பி குடித்ததில்லை. சிவன் சொன்னது என்று அவர் ஏற்றவற்றை உயிரைப் போலப் பிடித்துக்கொண்டவர். அதனால்தான், யார் சொன்னது என்று தெரியாத ஒன்று சிவன் பெயரில் வந்தபோது அவரால் கேட்காமல் இருக்க முடியவில்லை. பழமையை மட்டும் சான்றாக வைத்தவருக்கு அந்தக் கேள்வி எழவே எழாது. சொன்னவனை நம்புகிறவருக்குத்தான், இது அவன் சொல்தானா என்று பார்க்கும் கடமை வருகிறது. பக்தி என்று நான் புரிந்துகொள்வது இதைத்தான்.

தென்காசிப் பெண்ணிடம் இதையெல்லாம் பல இரவுகளில் துண்டு துண்டாகப் பேசியிருக்கிறேன். அவள் விடுகிறவள் இல்லை. "அப்ப எல்லாத்தையும் சந்தேகப்படணுமா, இல்ல கடைசில யாரையாவது நம்பிடணுமா?" என்று ஒருநாள் கேட்டாள். இதற்கு நியாய நூலாரில் ஒருவரான உதயனரிடம் பதில் இருக்கிறது. சந்தேகம் எங்கே நிற்கும் என்றால், சந்தேகிப்பவரின் செயலோடு அது மோதும் இடத்தில். சில நூற்றாண்டு கழித்து அதே மரபில் வந்த கங்கேசர் அதையே எளிய உதாரணத்தால் விளக்கினார். நெருப்பால்தான் புகை வருமா என்று கேட்கிறவர், புகை வேண்டும் என்றால் நெருப்பைத்தான் மூட்டுகிறார். சாப்பிட்டால் பசி தீருமா என்று ஐயப்படுகிறவரும் பசித்தால் சோற்றைத்தான் தேடுகிறார். கையால் செய்வதை வாயால் மட்டும் மறுப்பது சந்தேகமாகாது.

தாம்சனின் புதிருக்கும் கையால் செய்யும் பதில் ஒன்று கிடைத்தது. டேவிட் வீலர் அதை 2005இல் வெளியிட்டார். சந்தேகமுள்ள கம்பைலரின் மூல நிரலை, அதோடு தொடர்பே இல்லாத இன்னொரு கம்பைலரால் மாற்றுங்கள். வந்ததைக் கொண்டு அதே மூல நிரலை மறுபடி மாற்றுங்கள். கடைசியில் கிடைத்ததும் சந்தேகத்துக்குரியதும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இரண்டாவது கம்பைலர் குற்றமற்றது என்று நிரூபிக்க வேண்டியதில்லை. இரண்டும் ஒரே வஞ்சகத்தைச் சுமக்காமல் இருந்தால் போதும். நியாய நூலார் சம்வாதம் என்று சொல்வது இதுதான், வேறு வேறு வழியில் வந்தவை ஒன்றுக்கொன்று பொருந்துவது. அடித்தளம் கிடைக்காவிட்டாலும் இரண்டாவது சாட்சி கிடைக்கும்.

அந்தப் பெண்ணுக்கு நான் சொன்ன பதில் எங்கள் செய்முறைத் தாளில் இருக்கிறது. தொகுதியின் முதல் பெட்டி எங்கள் ஆய்வக மேசையில் இருப்பதாகத்தான் இருக்க வேண்டும். நீலக் கேபிள் மாட்டி, # குறி ஓடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். அங்கே மட்டுமாவது காட்சி உண்டு. இரண்டாவது, சென்னைக்குள் ஒரு கிளை. அங்கே ஒரு ஆள் நிற்பார். தொலைவில் உள்ளவை அதன் பிறகு. கோப்பின் ஹாஷைக் கணக்கிட மேலாண்மை மென்பொருளை மட்டும் நம்பாமல், அதோடு சம்பந்தமில்லாத இன்னொரு கணினியில் ஒருமுறை கணக்கிடுகிறோம். வெளியீட்டுக் குறிப்பை முழுவதும் படித்தவர் பெயர் சேஞ்ச் ரிக்வெஸ்ட்டில் இருக்க வேண்டும். குழுவின் பெயர் போட்டால் திருப்பி அனுப்பிவிடுவேன். ஒரு ஆளின் பெயர் வேண்டும், ஏனென்றால் கிளை மேலாளரும் அவர் கவுண்டருக்கு முன்னால் நிற்பவர்களும் எந்த ஹாஷையும் பார்க்கப் போவதில்லை. அவர்களுக்கு நாங்கள்தான் ஆப்தர்கள். அப்படி இருக்க எங்களுக்குத் தகுதி உண்டா என்று வாத்ஸ்யாயனரின் மூன்றையும் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இரக்கத்தை ஒரு செய்முறைத் தாளில் எப்படி எழுதுவது என்று அவள் கேட்டாள். மாதத்தின் முதல் வாரம் எந்தக் கிளையிலும் ரீலோட் கிடையாது என்று எழுதியிருக்கிறேன். ஓய்வூதியம் எடுக்க வருகிறவர்கள் பஸ் பிடித்து வருவார்கள். லிங்க் இல்லை, நாளைக்கு வாங்க என்று அவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது. அவள் அதோடு ஒரு வரி சேர்த்தாள்: ஒரு ஊரில் ஒரே கிளைதான் உண்டு என்றால், புதுப்பிக்கும் இரவில் மாற்று ரௌட்டரோடு ஒருவர் அந்த ஊரிலேயே தங்க வேண்டும். செலவு கூடும் என்று மேலே கேட்டார்கள். விளக்கினேன், ஒப்புக்கொண்டார்கள். இப்போதைய தொகுதியில் வால்பாறையைக் கடைசியில் வைத்திருக்கிறோம். மழை விட்டால்தான் பெட்டியோடு மலையேற ஆள் அனுப்ப முடியும்.